பழைய சி.ஆர்.டி. மானிட்டரில் 240பி: 120 ஹெர்ட்ஸ் வழியாகச் சுற்றிப் போன அனுபவம்

பழைய சி.ஆர்.டி. மானிட்டர், அதாவது கண்ணாடிக் குழாய் வைத்த கனமான மானிட்டர், ஒன்று கைக்கு வந்தால் எல்லாரும் முதலில் பார்ப்பது அது எத்தனை இன்ச், எவ்வளவு ரெசல்யூஷன் வரை தாங்கும் என்பதைத்தான். ரெட்ரோ கேம் ஆட அந்த இரண்டும் பெரிதாக உதவாது. மேனுவலைத் தேடி எடுத்து அலைவரிசை எல்லை என்ன என்று பாருங்கள். என்னுடைய 17 இன்ச் மானிட்டருக்குக் கிடைமட்டம் 30 முதல் 70 கிலோஹெர்ட்ஸ், செங்குத்து 50 முதல் 160 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது. கிடைமட்டம் என்பது நொடிக்கு எத்தனை கோடு, செங்குத்து என்பது நொடிக்கு எத்தனை முழுப் படம். அப்புறம் நான் செய்த அத்தனை செட்டிங்கும் இந்த ஒரு வரியிலிருந்துதான் வந்தது.

ஏன் என்று சொல்கிறேன். நெஸ், சூப்பர் நெஸ், மெகா டிரைவ் மாதிரியான கன்சோல்கள் டிவிக்கு நொடிக்கு 60 தடவை படம் அனுப்பின, ஒவ்வொரு படத்திலும் தெரிகிற கோடுகள் அதிகபட்சம் 240 (240பி என்பது இதைத்தான்), தெரியாமல் கழிகிற கோடுகளையும் சேர்த்தால் 262. இரண்டையும் பெருக்கினால் சுமார் 15.7 கிலோஹெர்ட்ஸ். அந்தக் காலத்து டிவி ஓடுவதே அந்த வேகத்தில்தான். கணினி மானிட்டர் 30க்குக் கீழே இறங்காது. எனவே பழைய கன்சோலைக் கணினியில் நடிக்க வைக்கிற எமுலேட்டரில் 240 கோடு, 60 ஹெர்ட்ஸ் என்று வைத்து அனுப்பினால் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று ஒரு பெட்டி மிதக்கும், அவ்வளவுதான். அப்படிச் சொல்கிற மானிட்டர் நல்ல மானிட்டர். ரொம்பப் பழையவற்றில் இந்தப் பாதுகாப்பே கிடையாது, தவறான சிக்னலை அப்படியே காட்டப் பார்த்து உள்ளே எதையாவது எரித்துக்கொள்ளும். விசில் மாதிரி புதுச் சத்தம் ஏதாவது வந்தால் யோசிக்காமல் அணைத்துவிடுங்கள்.

பலரும் இதற்குச் செய்வது 640x480, 60 ஹெர்ட்ஸ், அதன்மேல் ஒரு ஸ்கேன்லைன் ஷேடர், அதாவது படத்தின்மேல் கறுப்புக் கோடுகள் போடுகிற ஒரு சின்ன நிரல். நானும் அதில்தான் கொஞ்ச நாள் ஓட்டினேன். பரவாயில்லை ரகம். ஒவ்வொரு கோட்டையும் இரண்டு தடவை வரைந்து, இரண்டாவதைக் கறுப்பாக்குகிறோம், அவ்வளவே. ஆனால் சி.ஆர்.டி. தானாகவே கோடு கோடாக வரைகிற பொருள், அதற்குமேல் சி.ஆர்.டி. மாதிரி தெரிய ஒரு ஷேடர் போடுவது எனக்கு என்னவோ போல இருந்தது. மானிட்டரையே உண்மையாக 240 கோடு வரைய வைக்க வழி உண்டு. வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டும். 60க்குப் பதில் 120 ஹெர்ட்ஸ் வைத்தால் 262 பெருக்கல் 120, 31.4 கிலோஹெர்ட்ஸ் வருகிறது. மானிட்டருக்கு அது வி.ஜி.ஏ. (பழைய கணினிகளின் அனலாக் திரை இணைப்பு) காலத்திலிருந்தே பழகிய வேகம்.

இனி சிக்னலை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிற பாடு. இப்போதைய கிராஃபிக்ஸ் கார்டுகளில் அனலாக் வெளியீடு கிடையாது. என்விடியாவில் ஜிடிஎக்ஸ் 900 வரிசையோடு அது முடிந்துவிட்டது, அதற்குப் பிந்தைய கார்டுகளில் டிவிஐ துளை இருந்தாலும் டிஜிட்டல் மட்டும்தான். என் கணினியில் எச்டிஎம்ஐ மட்டுமே இருந்ததால் எச்டிஎம்ஐயை வி.ஜி.ஏ. ஆக்குகிற சின்ன அடாப்டரை மாட்டினேன். இங்கே இரண்டு சிக்கல். ஒன்று, மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்கிற ஈடிஐடி தகவல் கணினிக்கு வந்து சேரவில்லை, பட்டியலில் 1920x1080 எல்லாம் காட்டியது, அதைத் தேர்ந்தெடுத்தால் சி.ஆர்.டி.யில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சில வி.ஜி.ஏ. கேபிள்களில் அந்தத் தகவல் போகும் 12, 15 எண் பின்களே இருக்காது, அதனால் கேபிளின் முனையையும் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். இரண்டாவது சிக்கல் இன்னும் நுணுக்கமானது. எச்டிஎம்ஐ வழியாகப் போகும் பிக்சல் கிளாக், அதாவது நொடிக்கு எத்தனை பிக்சல் என்ற வேகம், 25 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே போகக்கூடாது. 320x240ஐ 120 ஹெர்ட்ஸில் வைத்தால் 12.6 மெகாஹெர்ட்ஸ்தான் வரும், டிரைவர் மறுத்துவிடும்.

இதற்கு ஆட்கள் பிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. கோடுகளின் எண்ணிக்கைதான் மானிட்டருக்கு முக்கியம். ஒரு கோட்டுக்குள் எத்தனை பிக்சல் என்பது அனலாக் கேபிளில் ஏறியபின் ஒரு பொருட்டே இல்லை, வெளிச்சம் கூடிக் குறையும் ஒரு அலை, அவ்வளவே. எனவே அகலத்தை இஷ்டத்துக்கு ஏற்றலாம். சூப்பர் ரெசல்யூஷன் என்பார்கள். 2560 வைப்பவர்கள் அதிகம். நான் 1280 வைத்தேன், காரணம் 1280ஐ 256ஆல் வகுத்தால் சரியாக 5, 320ஆல் வகுத்தால் சரியாக 4. நெஸ், சூப்பர் நெஸ் இரண்டும் 256 அகலம், மெகா டிரைவ் பெரும்பாலும் 320. எதுவும் மீதி இல்லாமல் உட்காருகிறது.

மோட்லைன், அதாவது சிக்னலின் அளவுகளை எண்களாக அடுக்கிய வரி, எழுதுவதுதான் பயமுறுத்தும் பகுதி, ஆனால் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். 640x480க்கான வி.ஜி.ஏ. எண்கள் எல்லாருக்கும் தெரிந்தவை: கிளாக் 25.175, கிடைமட்டம் 640 656 752 800, செங்குத்து 480 490 492 525. இரண்டு வரிசையிலும் முதல் எண் தெரிகிற அளவு, கடைசி எண் மொத்தம், நடுவில் உள்ளவை சின்க் துடிப்பு தொடங்கி முடிகிற இடம். கிளாக்கையும் கிடைமட்ட எண்களையும் இரட்டிப்பாக்கி, செங்குத்து எண்களைப் பாதியாக்கினேன். அப்போது கிளாக் 50.35, கிடைமட்டம் 1280 1312 1504 1600, செங்குத்து 240 245 246 262. கணக்குப் போட்டால் 31.469 கிலோஹெர்ட்ஸ், 120.11 ஹெர்ட்ஸ். அதில் பாதி 60.05. நெஸ் ஓடுவது ஏறத்தாழ 60.10, மெகா டிரைவ் 59.92. இரண்டுக்கும் நடுவில் விழுகிறது, மிச்சமுள்ள துளி வித்தியாசத்தை நான் எமுலேட்டர்களை ஓட்டுகிற ரெட்ரோஆர்ச் நிரல் ஒலியின் வேகத்தைக் காதுக்குத் தெரியாத அளவு மாற்றிச் சமாளித்துக்கொள்ளும்.

லினக்ஸில் இதை எக்ஸ்ராண்டர் என்ற திரை அமைப்புக் கருவியில் புது மோடாகச் சேர்த்து, அந்த வெளியீட்டோடு இணைத்து, அப்புறம் மாற்றுகிறோம், மூன்றே கட்டளை. லினக்ஸின் புதிய திரை முறையான வேலண்டில் எக்ஸ்ராண்டரால் இது நடக்காது, லாகின் திரையில் பழைய முறையான எக்ஸ்11 இருந்தால் அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். விண்டோஸ் ஆட்கள் சி.ஆர்.யூ. என்ற கருவியில் இதே எண்களைக் கையால் நிரப்பலாம். எதில் செய்தாலும் முதல் முயற்சியின்போது இன்னொரு திரையையும் மாட்டி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் படம் போனதும் இருட்டில் கட்டளை அடிக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, பட்டியலில் 320x240, 60 ஹெர்ட்ஸ் என்று ஏற்கெனவே ஒன்று இருந்து, அது வேலையும் செய்தால் சந்தேகப்படுங்கள். அது டபுள்ஸ்கேன். ஒவ்வொரு கோடும் இரண்டு தடவை வரையப்பட்டு உள்ளே 480 கோடுதான் ஓடிக்கொண்டிருக்கும். திரைக்கு மிக அருகில் போய்ப் பார்த்தால் கோடுகளுக்கு இடையே கறுப்பு இடைவெளி தெரியாது.

சரியான மோட் உட்கார்ந்ததும் டெஸ்க்டாப் கேவலமாக இருக்கும், எழுத்தெல்லாம் நசுங்கி, கோடு கோடாக. அதுதான் வேண்டும். ரெட்ரோஆர்ச்சில் ஷேடர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், பிக்சல்களைக் குழைக்கிற பைலீனியர் ஃபில்டரிங்கை அணைத்தேன், முழு எண் மடங்கில் மட்டும் பெரிதாக்குகிற இன்டிஜர் ஸ்கேலைப் போட்டேன், ஆஸ்பெக்ட் ரேஷியோவைக் கஸ்டம் ஆக்கி அகலம் 1280, உயரம் கேம் எவ்வளவு தருகிறதோ அவ்வளவு. சூப்பர் நெஸ் பெரும்பாலும் 224 கோடு தருகிறது, மேலே 8, கீழே 8 கறுப்பாக நிற்கும். உயரத்தை 240க்கு இழுத்து நிரப்பலாம் என்று கை துடிக்கும், வேண்டாம். இழுத்தால் சில கோடுகள் மட்டும் இரண்டு தடவை வந்து, படம் மேலும் கீழும் நகரும்போது அலை அடிக்கும். இடைவெளி உறுத்தினால் மானிட்டரின் உயரப் பொத்தானைத் தட்டிப் பெரிதாக்குங்கள், அது கண்ணாடியில் நடக்கிற வேலை, பிக்சலைத் தொடாது.

இவ்வளவும் செய்து முடித்து ஒரு கேமை ஓடவிட்டால், நிற்கிற படம் அருமை, ஓடுகிற படம் இரட்டையாகத் தெரிகிறது! கேம் நொடிக்கு 60 படம் தருகிறது, மானிட்டர் 120 தடவை வரைகிறது, அதாவது ஒரே படம் ஒரே இடத்தில் இரண்டு தடவை மின்னுகிறது. கண்ணோ நகர்கிற பொருளைப் பின்தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கிறது, அதனால் இரண்டாவது மின்னல் சற்றுத் தள்ளி விழுந்த மாதிரி தெரிகிறது. இதற்கு மருந்து பிளாக் ஃபிரேம் இன்சர்ஷன். இரண்டாவது தடவை கேமின் படத்துக்குப் பதில் முழுக் கறுப்பை அனுப்புவது. சி.ஆர்.டி. திரையில் ஒளிர்கிற பாஸ்பர் பூச்சு சட்டென அணைந்துவிடுவதால், மிச்சமிருப்பது உண்மையான 60 ஹெர்ட்ஸ், பழைய டிவியில் இருந்த அதே துடிப்பு. பக்கவாட்டில் வேகமாக ஓடுகிற காட்சியில் பின்னணியின் ஒவ்வொரு செங்கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது, ஷேடர் போட்டு ஓட்டிய நாட்களில் நான் பார்க்காதது இது. கணினி எங்காவது திணறி ஒரு படத்தைத் தவறவிட்டால் கறுப்பும் படமும் இடம் மாறித் திரை பளிச்சென்று வெட்டும், எனவே பின்னால் ஓடும் மற்ற நிரல்களை மூடிவிட்டு ஆடுவது நல்லது. மின்னல் வெளிச்சம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

வெளிச்சம் பாதியாகிவிடும் என்பது இதற்கான விலை. உடனே பிரைட்னஸை ஏற்றத் தோன்றும், ஆனால் சி.ஆர்.டி.யில் அந்தப் பொத்தான் உண்மையில் கறுப்பின் அளவை மாற்றுவது, ஏற்றினால் இருட்டெல்லாம் சாம்பலாகும். அறை விளக்கை அணைத்து, கறுப்புத் திரையில் மெல்லிய பூச்சு தெரியும்வரை பிரைட்னஸை ஏற்றி, அது மறைகிற இடத்துக்குத் திரும்ப இறக்கி நிறுத்துங்கள். வெளிச்சம் வேண்டுமானால் கான்ட்ராஸ்ட்டில் எடுங்கள். என்னுடையதில் கான்ட்ராஸ்ட் கடைசிவரை ஏறி நிற்கிறது, இரவில் போதும், பகலில் திரைச்சீலை வேண்டும்.

அகலம், உயரம், ஓரங்களின் வளைவு இதையெல்லாம் அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடான பிறகு தொடுங்கள், சூடாகும்போது படம் கொஞ்சம் நகர்ந்து மாறும். 240பி டெஸ்ட் சூட் என்ற இலவச நிரலில் கட்டம் போட்ட படம் ஒன்று இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு சரிசெய்தேன். மானிட்டர் இந்த அளவுகளை ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனித்தனியாக நினைவில் வைப்பதால், டெஸ்க்டாப்புக்குச் செய்தது 120 ஹெர்ட்ஸுக்கு வராது, மறுபடியும் உட்கார வேண்டும். ஓரத்தில் நிறம் பிரிவது கொஞ்சம் இருந்தது, அதை அப்படியே விட்டுவிட்டேன். மூடியைக் கழற்றிச் சரிசெய்கிற வேலை என்னிடம் கிடையாது, உள்ளே குழாய்க்குப் போகும் மின்னழுத்தம் இருபதாயிரம் வோல்ட்டைத் தாண்டும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கும்.

டாஸ் கேம்களுக்கு இந்தத் தலைவலி ஒன்றுமே இல்லை, அவை இந்த மானிட்டர் வகைக்கே பிறந்தவை. 320x200 கேமை வி.ஜி.ஏ. கார்டு கோட்டை இரட்டிப்பாக்கி 400 கோடாக, 70 ஹெர்ட்ஸில் அனுப்பியது. அதனால் 640x400 மோட் ஒன்றைச் சேர்த்தேன், கிளாக்கும் கிடைமட்ட எண்களும் 640x480க்கு உள்ளவையே, செங்குத்து மட்டும் 400 412 414 449. செங்குத்து சின்க்கின் (புதுப் படம் தொடங்குவதைச் சொல்கிற துடிப்பின்) துருவத்தை மட்டும் நேர் (+) என்று குறிக்க வேண்டும், 480க்கு அது எதிர் (-). பழைய வி.ஜி.ஏ. மானிட்டர்கள் அதை வைத்துத்தான் படத்தின் உயரத்தைத் தீர்மானித்தன. டாஸ் கேம்களை ஓட்டுகிற டாஸ்பாக்ஸில் ஆஸ்பெக்ட் (அகல உயர விகிதம்) திருத்தத்தை அணைத்துவிடுங்கள், 400 கோடும் 4:3 திரை முழுக்க விரியும்போது வட்டம் தானாகவே வட்டமாக நிற்கும்.

கடைசியாக ஐரோப்பிய 50 ஹெர்ட்ஸ் கேம்கள், பழைய அமிகா கணினியின் கேம்கள் மாதிரி. அங்கேயும் இரட்டிப்புதான், 100 ஹெர்ட்ஸ். கிடைமட்ட எண்களை அப்படியே வைத்து, தெரிகிற கோடுகளை 288 ஆக்கி, மொத்தத்தை 315 என்று வைத்தால் 99.90 வருகிறது, பாதி 49.95, அமிகாவின் 49.92க்கு நன்றாகவே ஒட்டி நிற்கிறது. ஆனால் கறுப்பு ஃபிரேமோடு 50 ஹெர்ட்ஸ் துடிப்பு எனக்கு ஒத்துவரவில்லை, கண் ஓரத்தில் அடித்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கேம்களுக்கு மட்டும் கறுப்பை அணைத்துவிட்டு, இரட்டைப் படத்தோடு ஆடுகிறேன்.