நொதிக்கும் நேரத்தில் வாசித்த நாவல்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், உதவி டீமேக்கராகச் சேர்ந்த வருடம் எனக்கு இரவு வேலை. கொழுந்தின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். தொட்டியில் பரப்பிக் காற்று விட்டால், இலை பதமாக வாட 12 மணி நேரம்கூட ஆகும். மழை நாளில் இன்னும் இழுக்கும். அந்தக் காத்திருப்பில்தான் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தன்' நாவலை, திருலோக சீதாராமின் தமிழில் வாசித்தேன்.

1922இல் வெளிவந்த ஜெர்மன் நாவல். அதற்கு முன்பே, 1911இல், ஹெஸ்ஸே இலங்கைக்கு வந்து கண்டியில் தங்கியிருக்கிறார், பிதுருதலாகலை மலையில் ஏறியிருக்கிறார். நுவரெலியா போகும்போதெல்லாம் நான் அண்ணாந்து பார்க்கிற மலை அது! அதைத் தெரிந்துகொண்ட பிறகு புத்தகம் எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது.

ஞானம் தேடி வீட்டைவிட்டுப் போகும் பிராமண இளைஞன் சித்தார்த்தன். கூடவே போன கோவிந்தன் புத்தரிடம் சேர்ந்துவிடுகிறான். சித்தார்த்தன் சேரவில்லை. உங்கள் போதனை தெளிவானது, ஆனால் நீங்கள் விழிப்படைந்த அந்த நேரத்தில் உங்களுக்குள் நடந்ததைச் சொல்லால் எவருக்கும் கொடுக்க முடியாதே என்று புத்தரிடமே பணிவாகச் சொல்கிறான். முதல் தடவை இதை வாசித்தபோது அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் பட்டது.

அப்புறம் ஒரு இரவு, ரோதையில் (இலையை உருட்டி நசுக்கும் இயந்திரத்தில்) அரைத்து நொதிக்கப் போட்ட கொழுந்தை, கடிகாரத்தை மட்டும் நம்பி, நேரத்துக்கு முன்பே டிரையருக்கு அனுப்பிவிட்டேன். குளிருக்கு நொதிப்பு மெதுவாகும் என்று படித்திருந்தும் யோசிக்கவில்லை. காலையில் அந்தத் தூளில் சாயம் ஊற்றிக் குடித்துப் பார்த்தால் பச்சை வாடை, நாக்கில் கசப்பு. எத்தனை பெண்கள் மழையில் நனைந்து பறித்த கொழுந்து! அந்தக் கூச்சம் பல நாள் போகவில்லை.

பெரிய டீமேக்கர் ஐயா திட்டவில்லை. "எப்ப எடுக்கணும்னு எப்படி ஐயா தெரியும்?" என்று கேட்டேன். "மூக்கு சொல்லும் தம்பி" என்றார். வேறு விளக்கம் கிடைக்கவில்லை. அன்றிரவு அந்தப் பக்கங்களைத் திரும்ப வாசித்தேன். சித்தார்த்தன் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

ஆனாலும் தனியாகவே தேடி அடைந்தான் என்று அவனைச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஓடக்காரர் வாசுதேவர் இருக்கிறாரே! ஆற்றைக் கேள் என்பதற்கு மேல் அவர் அதிகம் போதிப்பதில்லை. ஆனால் பக்கத்திலேயே இருக்கிறார், அவன் பேசுவதை முழுதாகக் கேட்கிறார். நாவலில் நான் அதிகம் திரும்பிப் போகும் பக்கங்கள் அவருடையவை.

ஐயாவும் அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும் என்னோடு நின்றார். ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டு என் கையில் கொடுப்பார், எதுவும் சொல்ல மாட்டார். மாதங்கள் போயின. ஒரு நாள், பச்சை வாடை போய், பழுத்த பழம் மாதிரி ஒரு வாசம் எழுந்தது. "இப்ப" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, ஸ்டோரின் காவல் தெய்வமான ரோதை முனிக்கு விளக்கு வைக்கப் போனார்.