பணம் எந்தத் தேதியில் வரும்?

2 ஆகஸ்ட் 2025, சனி

அரசு கணக்கில் போடும் காசை வீடுகள் எப்படிச் செலவழிக்கத் திட்டம் போடுகின்றன என்று கேட்க ஒரு படிவம் தயாரிக்கிறோம்; இவை அப்போது எழுதிய குறிப்புகள். நிலம் தம் பெயரில் உள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு தவணைக்கு 2,000 போடும் பி.எம். கிசானின் 20-வது தவணை இன்று விடப்பட்டது. 19-வது வந்தது பிப்ரவரி 24-இல். நடுவே ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாளை ஆடிப்பெருக்கு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆனி மழைக்கே கடலை போட்டவர்கள் விதைப்பருப்பைக் கடனுக்கு எடுத்தாயிற்று. ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு பிடிக்கும். கிலோ 100 என்று வைத்தாலே 5,000. அவர்களுக்கு இந்த 2,000 பழைய கடனில் ஒரு துண்டு. இனிமேல் ராகி விதைக்கப் போகிறவருக்கோ இது முழுசாக உரக்காசு.

உரக்கணக்கைப் போட்டுப் பார்த்தோம். டிஏபி 50 கிலோ மூட்டை 1,350. யூரியா 45 கிலோ மூட்டை 266.50, ரெண்டுக்கு 533. மொத்தம் 1,883, மிச்சம் 117. ‘நுண்ணூட்டப் பாக்கெட் எடுத்தாத்தான் யூரியா’ என்று கட்டிக்கொடுக்கும் கடையில் அந்த 117-உம் போய், மேலே கைக்காசும் போடவேண்டி வரும். மானாவாரி ராகிக்கு ஏக்கருக்கு அரை மூட்டை டிஏபியே தாராளம். கடையில் மூட்டையைப் பிரித்துக் கொடுக்க மாட்டார்கள் என்பதால் பக்கத்துக் காட்டுக்காரரோடு பங்கு போட்டு வாங்குகிறவர்கள் கெட்டிக்காரர்கள்.

பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும் வீட்டிலும், குத்தகைக்கு உழுகிற வீட்டிலும் இந்தப் பேச்சே கிடையாது. அவர்களிடம் ‘பணம் எந்தத் தேதியில் வரும்?’ என்று கேட்பது வயிற்றெரிச்சலைக் கிளப்புவதுதான்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

பெங்களூர் சர்ஜாபூர் சாலை ஷெட்டுகளில் தங்கி சென்ட்ரிங், கம்பி வேலை பார்ப்பவர்கள், பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸ் பெண்கள், ஊரில் இருக்கும் அவர்கள் வீட்டார் என்று மூன்று தரப்புக்குமான கேள்விப் படிவத்தைத் திருத்தினோம். இந்தக் குடும்பங்களின் செலவுத் திட்டம் பாதி பெங்களூரிலும் பாதி ஊரிலுமாகப் போனில்தான் போடப்படுகிறது. அதனால் ஒருவரிடம் மட்டும் கேட்டால் பாதித் திட்டம்தான் கிடைக்கும்.

“பணம் வந்தா என்ன செய்வீங்க?” என்ற முதல் கேள்வியை அடித்துவிட்டோம். எல்லா வீட்டிலும் வரும் பதில் “பிள்ளைங்க படிப்புக்கு”. பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தவருக்குச் சொல்லவேண்டிய பதில் அது. இப்போது மளிகைக்கடை நோட்டிலிருந்து தொடங்குகிறோம். ஒரு பக்கத்தைப் பார்த்தாலே போதும்: ரீஃபைண்டு ஆயில் 1, து.பருப்பு ½, சோப்பு 2, முட்டை 6. அடியில் சிவப்பு மையில் ‘பழைய பாக்கி 640’. தமிழக அரசு மாதாமாதம் போடும் மகளிர் உரிமைத்தொகை 1,000 வந்தால் அதில் 640-க்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. திட்டம் போட மிச்சம் 360.

அடுத்து மூன்று கட்டம்: பணம் வரும் தேதி, போகவேண்டிய தேதி, எடுப்பவர் யார். உரிமைத்தொகை 15-ஆம் தேதியை ஒட்டி வருகிறது. மகளிர் சுயஉதவிக் குழுக் கடன் தவணை 10-ஆம் தேதி என்றால் அந்த ஐந்து நாளுக்குக் கைமாற்று வாங்குகிறார்கள், அதற்கு வட்டியும் கொடுக்கிறார்கள். குழுவில் பேசி 10-ஐ 17-ஆக மாற்றிக்கொண்டால் செலவில்லாமல் தீரும் விஷயம் இது. பலருக்கு அப்படிக் கேட்கலாம் என்றே தோன்றுவதில்லை.

வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போது பெண்ணிடம் மூன்றாவது கட்டத்தைக் கேட்கவே கூடாது.

7 ஆகஸ்ட், வியாழன்

“மெசேஜ் வரலப்பா, நிறுத்திட்டாங்க போல” என்று ஊரிலிருந்து போன் வந்தால் முதலில் சந்தேகப்படவேண்டியது ஆதார் எந்த வங்கியில் நிற்கிறது என்பதைத்தான். ஆதார் வழியாக வரும் பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. கடைசியாக எந்த வங்கியோடு ஆதாரை இணைத்தார்களோ அங்கே போய் விழும். கார்மெண்ட்ஸ் வேலைக்கு வந்தவர் சம்பளக் கணக்கு தொடங்கும்போது நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருப்பார். இணைப்பு பெங்களூர்க் கிளைக்கு மாறியிருக்கும். ஊர் பாஸ்புக்கில் ஒரு வரியும் ஏறாது. பணம் இங்கே, சம்பளத்தோடு கலந்து, யாரும் கவனிக்காமல் செலவாகிக்கொண்டிருக்கும்.

பார்க்கும் வழி: போனில் *99*99*1# அடித்து ஆதார் எண்ணைக் கொடுத்தால் எந்த வங்கி என்று காட்டும். ஆதார் இணையதளத்தில் ஓடிபி போட்டும் பார்க்கலாம். இதில் ஒரு குழப்பம் எப்போதும் வரும். கேஒய்சிக்கு, அதாவது வங்கி கேட்கும் அடையாளச் சான்றுக்கு, ஆதார் நகல் கொடுத்ததை ‘லிங்க் பண்ணியாச்சு’ என்று நினைக்கிறார்கள். அது வேறு. மானியம் இந்தக் கணக்கில் வரட்டும் என்று தனியாகச் சம்மதப் படிவம் எழுதிக் கொடுத்தால்தான் இணைப்பு மாறும்.

ரெண்டு வருஷம் போடாமல் எடுக்காமல் கிடந்த கணக்கு முடங்கிவிடும். குறைந்தபட்ச இருப்புக்கு அபராதம் போடும் கணக்கானால் வந்த 1,000 வந்தவேகத்தில் கழியும். அபராதத்தைப் பல அரசு வங்கிகள் கைவிட்டுவிட்டன. மற்ற இடங்களில் ஜீரோ பேலன்ஸ் கணக்காக மாற்றித் தரச்சொல்லி எழுதிக் கொடுக்கலாம்.

9 ஆகஸ்ட், சனி

சிமெண்ட் கை. கலவை அள்ளி அள்ளி விரல் நுனி வழவழவென்று ஆகியிருக்கும். கட்டைவிரல் ரேகைக்கு நடுவே வெள்ளையாக ஒரு தேய்மானம், ஓரத்தில் வெடிப்பு. ரேகை வைத்துக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் சின்ன மிஷினில் ‘ரேகை விழல’ என்று மூன்று முறை வந்ததும் வங்கி ஏஜெண்ட் “நாளைக்கு வாங்கண்ணே” என்கிறார். நாளை என்றால் ஒரு நாள் கூலி போச்சு.

கண்ணில் கண்டவரை பலன் தருபவை: முதல் நாள் ராத்திரி தேங்காயெண்ணெய் தேய்த்துப் படுப்பது, காலையில் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைப்பது (எண்ணெய்க் கையோடு வைத்தால் கண்ணாடி மங்கி அடுத்தவருக்கும் விழாது), கட்டைவிரலை விட்டு மோதிர விரலை வைப்பது. வேலை இல்லாத ஞாயிறு கழித்துத் திங்கள் காலை போனால் ரேகை தெளிவாக இருக்கும். அப்படியும் விழாதவர் ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பிக்கவேண்டும், இல்லையென்றால் ஏடிஎம் கார்டு வாங்கிவிடவேண்டும். ஒரேயடியாக ஒழிந்தது தொல்லை.

கணக்கில் கழிந்து, கையில் பணம் வரவில்லை என்றால் மிஷின் தந்த ரசீதைக் கிழித்துப் போடக்கூடாது. வங்கி ஐந்து நாளுக்குள் திருப்பிப் போடவேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆயிரத்துக்கு 20 என்று ஏஜெண்ட் எடுத்துக்கொள்வதற்கும் விதியில் இடமில்லை. அவருக்குக் கமிஷன் கொடுப்பது வங்கி. இதைச் சொன்னால் “அவரும் பொழைக்கணும்ல” என்கிறார்கள். அதற்கு மேல் நாங்கள் பேசுவதில்லை.

13 ஆகஸ்ட், புதன்

ஆடு. மாதக்காசைத் திரட்டி ஏதாவது செய்ய நினைக்கும் வீட்டில் முதலில் வரும் பெயர் இதுதான்.

1,000-ஐ அப்படியே வைத்திருந்தால் அடுப்படி தின்றுவிடும் என்று பெண்களுக்கே தெரியும். அதனால் சீட்டு. பத்துப் பேர், ஆளுக்கு மாதம் 1,000, பத்து மாதம்; சேரும் 10,000-ஐ மாதம் ஒருவர் எடுப்பார். முதல் மாதமே 2,000 தள்ளி எடுத்தால் கையில் 8,000. அந்த 2,000 தள்ளுதான் அவசரத்துக்கான விலை. அந்த 8,000-ஐயே குழுவில் வருஷத்துக்கு 12 வட்டிக்குக் கடனாக எடுத்துப் பத்துத் தவணையில் அடைத்தால் வட்டி 600-ஐத் தொடாது. நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்று வாயால் சொன்னால் பிடிபடாது. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டவேண்டியிருக்கிறது.

பெட்டை ஆட்டைச் சந்தையில் பிடிக்கும்போது வாயைத் திறந்து பல் பார்ப்பார்கள். ரெண்டு பல் போட்டிருந்தால் ஒன்றேகால், ஒன்றரை வயது. குட்டி போடப்போகும் வயது. சினைக்காலம் ஐந்து மாதம். பக்ரீத்துக்கு முன்னால் வாங்குகிறவர் கூடுதல் விலை கொடுக்கிறார். அப்போது விற்கிறவருக்கு லாபம். ஆகவே கிடாய்க்குட்டி விற்பனையைப் பக்ரீத்துக்குச் சரியாக வைத்து, பின்னோக்கி எண்ணி வாங்கும் மாதத்தைக் குறிப்பவர்களும் உண்டு.

கெட்டுப்போவது எங்கே? சந்தை ஆட்டை வந்த அன்றே பட்டியில் விடுவதால். மூன்று வாரம் தனியாகக் கட்டவேண்டும், குடற்புழு மருந்து கொடுக்கவேண்டும், ஆட்டுக்கொல்லிக்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போடவேண்டும். துள்ளுமாரி மழை பெய்து இளம்புல் முளைத்ததும் வரும். ஊசியை அதற்கு முன்பே போட்டிருக்கவேண்டும். ஆட்டின் விலையை எழுதும் எல்லோரும் மேய்க்கும் ஆளை எழுத மறக்கிறார்கள். மகன் சென்ட்ரிங் வேலைக்கு பெங்களூர் வந்தபிறகு, முட்டி வலிக்கிற அம்மா மூன்று ஆட்டுக்கு மேல் ஓட்ட முடியாது. படிவத்தில் ‘யார் மேய்ப்பது?’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். அந்த வரியில் பேனா நின்றுவிட்டால் ஆட்டுத் திட்டம் அநேகமாக நடக்காது.

17 ஆகஸ்ட், ஞாயிறு

அரிசியா காசா என்ற பழைய சண்டை. கர்நாடகத்தில் ரேஷன் கார்டு வைத்திருக்கும் இங்கத்திய தமிழ் வீடுகளுக்கு இது ஏட்டுப் பேச்சில்லை. 2023 ஜூலையிலிருந்து கர்நாடக அரசின் இலவச அரிசித் திட்டமான அன்னபாக்யாவில் கூடுதல் 5 கிலோவுக்குப் பதில் கிலோவுக்கு 34 வீதம் தலைக்கு 170 ரூபாய் போட்டார்கள். கடை அரிசி கிலோ 50 என்றால் அதற்கு 3.4 கிலோதான் வரும். 2025 தொடக்கத்தில் மீண்டும் அரிசியே ஆனது. “அரிசின்னா பானைக்குப் போகும், காசுன்னா யார் கைக்குப் போகும்னு தெரியாதுக்கா” என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

மத்தியப் பிரதேசத்தில் 2011-12-இல் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு, மாதாமாதம் பணம் கொடுத்துப் பார்த்த சோதனையில் பணம் வீட்டுக்கு இவ்வளவு என்று இல்லாமல் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தார்கள். பெரியவருக்கு மாதம் 200, குழந்தைக்கு 100, குழந்தை பங்கு தாய் கையில். பின்னர் 300, 150. ரெண்டு பெரியவர், மூன்று பிள்ளை உள்ள வீட்டுக்கு 1,050. அதில் பெண் கைக்கு வருவது மட்டும் 750. வீட்டுக்கு ஒரே தொகை என்றால் ஐந்து பேர் வீடும் ரெண்டு பேர் வீடும் ஒன்றுதான். திட்டத்தைக் கேட்கும்போது தலைக்கணக்கை எழுதாவிட்டால் பதில்களை ஒப்பிட்டுப் பயனில்லை.

20 ஆகஸ்ட், புதன்

படிவம் அச்சுக்குப் போயிற்று. நான்கு பக்கமாக இருந்தது ரெண்டு பக்கமாகச் சுருங்கியிருக்கிறது. ‘சேமிப்பு’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டு ‘சீட்டு’, ‘குழு’, ‘நகை மீட்பு’ என்று மூன்றாகப் பிரித்தோம். மூன்றும் சேமிப்புதான், ஆனால் அந்தச் சொல்லில் கேட்டால் “எங்கப்பா மிச்சம் பிடிக்கிறது” என்கிறார்கள். முதல் சுற்று போன் செப்டம்பர் 16, பணம் ஏறிய மறுநாள். ரெண்டாம் சுற்று 25. ஆயிரத்தில் எது மிச்சம், யார் எடுத்தார்கள் என்பது மறக்காமல் இருக்கும் இடைவெளி அதுதான்.