துட் சாவ்: ரெண்டு வருஷமா கையைத் துடைச்சிட்டு இருந்திருக்கேன்

நேத்து விங் சுன் (ஒரு சீனக் குங்ஃபூ) கிளாஸ்ல ஒருவழியா துட் சாவ், அதாவது பிடிபட்ட கையை உருவிக்கிற அசைவு, வேலை செஞ்சிருச்சு. வலது கைல மட்டும், 10 தடவைக்கு 6 தடவை, ஆனாலும் செஞ்சிருச்சு, அதான் தூக்கம் வராம ராத்திரி 1 மணிக்கு இதை டைப் பண்ணிட்டு இருக்கேன்.

விங் சுன் பண்றவங்களுக்குத் தெரியும், சியு நிம் தாவ்ங்கற முதல் ஃபார்ம் (தனியா வரிசையா பண்ற அசைவுகள்) கடைசில கான் சாவ்ங்கற தடுப்பு முடிஞ்சதும் ஒரு கையால இன்னொரு கையை முழங்கைல இருந்து மணிக்கட்டு வரைக்கும் 3 தடவை மாத்தி மாத்தி வழிச்சு விடுவோம்ல, அதுதான். ரெண்டு வருஷமா நான் அதை, வேலை முடிஞ்சா கையைத் துடைச்சுக்குற மாதிரி, ஃபார்ம் முடிஞ்சதுக்கு ஒரு அடையாளம்னுதான் நினைச்சிட்டு இருந்தேன், பேர்ல வேற துட்னு இருக்கா, நமக்குத் துடைக்கிறதுதான் ஞாபகம் வருது. (சாவ்னா கான்டனீஸ்ல கை. ஊர்ல அம்மாகிட்ட போன்ல சி சாவ் (ரெண்டு பேர் கையோட கை ஒட்டிப் பண்ற பயிற்சி) கிளாஸ் போறேன்னு சொன்னா இன்னைக்கும் "எப்பப் பாத்தாலும் சாவு சாவுன்னு, வேற வார்த்தையே கிடைக்கலையாடா உனக்கு"ம்பாங்க.)

மூணு வாரம் முன்னாடி சிஹிங் (கிளாஸ்ல சீனியர் அண்ணன்) என் மணிக்கட்டைப் பிடிச்சிட்டு, எடுத்துக்கோன்னாரு. மனுஷன் பிளம்பர், பிடிச்சா பைப் ரெஞ்ச் போட்ட மாதிரி இருக்கும். நான் இழுத்தேன், முறுக்குனேன், ம்ஹூம். அப்பதான் சொன்னாரு, ஃபார்ம்லதான் இருக்கு, தேடிப் பாருன்னு.

எங்க சொதப்புனேன்னா, முதல்ல வழிக்கிற கையை அனுப்பிட்டு அப்புறம் பிடிபட்ட கையை இழுத்தேன். அந்த அரை செகண்ட் கேப்ல அவர் இன்னும் இறுக்கிப் பிடிச்சிடுவாரு, எனக்குத் தோல் உரிஞ்சதுதான் மிச்சம். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கணும். பிடிபட்ட கை பின்னாடி வரும்போதே மத்த கையோட உள்ளங்கை ஓரம் என் முன்கையை ஒட்டியே சறுக்கிட்டு வந்து அவர் கட்டைவிரல் அடில இடிக்கணும், ஒட்டாம காத்துல வந்தா அவர் கைமேல அடிச்ச மாதிரி ஆயிடும், பிடி விடாது. அதோட மணிக்கட்டை லேசா திருப்பி அதோட மெல்லிசான பக்கத்தைக் கட்டைவிரலுக்கும் மத்த விரலுக்கும் நடுவுல இருக்குற சந்துக்கு நேரா கொண்டு வரணும். இவ்வளவும் புரிஞ்சும் பத்து நாள் வரல. "கையைப் பாக்காத, முழங்கையைப் பின்னாடி விடு"ன்னு சிஹிங் சொன்னப்புறம்தான் வந்துச்சு. இழுக்கறது முழங்கை, கை சும்மா கூட வருது, அவ்ளோதான்.

துட் சாவ் முடிஞ்ச கையோட ஃபார்ம்ல அடுத்து என்ன வருது? செயின் பன்ச், மாத்தி மாத்தித் தொடர்ந்து குத்துறது. பிடியை விடுவிச்ச உடனே குத்துன்னு பச்சையா எழுதி வச்ச மாதிரி இருக்கு, இதைப் போய் ஒளிச்சு வச்ச டெக்னிக்ங்கறாங்க! இது பிடி விடுவிக்கவே இல்ல, கைமேல அழுத்தம் வந்து மாட்டிக்கிட்டா வெளிய வர்றதுக்குன்னு சொல்றவங்களும் உண்டு. ரெண்டுக்கும் உதவும்னுதான் எனக்குத் தோணுது. நிஜமாவே மூடி வச்சதுன்னா பியு ஜீங்கற மூணாவது ஃபார்ம்தான், அது வாசலைத் தாண்டக் கூடாது, வெளியாளுக்குக் காட்டக் கூடாதுன்னே பழைய பேச்சு இருக்கு. விங் சுன் மாஸ்டர் இப் மான் 1972ல சாகுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி எடுத்த பிலிம்ல கூட சியு நிம் தாவ், ரெண்டாவது ஃபார்ம் சும் கியு, மரப் பொம்மை (கை கால் வச்ச மரத்தூண்ல பண்ற பயிற்சி) மூணும்தான், பியு ஜீ இல்ல.

ஒரு உண்மையையும் ஒத்துக்கணும். ஹாங்காங் ஆகஸ்ட் வேர்வைல யார் பிடிச்சாலும் வழுக்கும். அந்த 6ல எத்தனை டெக்னிக், எத்தனை வேர்வைன்னு சந்தேகமா இருந்துச்சு, துண்டால துடைச்சிட்டு பண்ணேன், 4 ஆச்சு. முழுக்கை ஜாக்கெட் போட்டுட்டு துணியோட பிடிச்சா சுத்தமா பூஜ்யம். ரெண்டு கையால பிடிச்சாலும் அதே கதி. இடது கையைப் பத்திப் பேசவே வேணாம்.

உரிஞ்ச இடம் ஆறுனதும் வீங்குன இடத்துக்கு டிட் டா ஜாவ் (சாராயத்துல மூலிகை ஊறப்போட்ட தைலம்) போட்டேன், ஷாம் ஷுய் போங்கற ஏரியால ஒரு மூலிகைக் கடைல வாங்குனது, வீடே சாராயக் கடை மாதிரி நாறுது. சுவர்ல மாட்டிக் குத்துற சுவர்ப் பை வேற வாங்கிட்டேன், உள்ள போட பாசிப்பயறு சமையலறைல இருந்தே எடுத்தேன், 3 கிலோ, சுண்டலுக்குப் பயறைத் தேடுனப்ப வீட்ல மாட்டிக்கிட்டேன். குத்தக் குத்த அது மாவாகித் தையல் வழியா கொட்டுது, அடுத்து இரும்புக் குண்டுதான் போடணும் போல. மரப் பொம்மை ஆசை இருக்கு. முன்னாடி சீனாவுல போஷான் ஊர்ல மண்ல நட்டு வைப்பாங்களாம், இங்க ஃபிளாட்ல சுவர்ல சட்டம் அடிச்சு மாட்டறாங்க. நம்ம சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை இருக்கு, அது பெருசாகட்டும்.

வியாழக்கிழமை ஜாக்கெட்டோட மறுபடியும். சிஹிங்கிட்ட சாப்பிட்டுட்டு வராதீங்கன்னு சொல்லியிருக்கேன்.