அடுப்புக்கு அடியில் உள்ள நிலம்

14 செப்டெம்பர் 2025, ஞாயிறு

குளிர்காலம் தொடங்குவதற்கு முன் வீட்டில் விறகடுப்பு ஒன்றைப் பொருத்திவிட வேண்டும் என்று இன்று முடிவு செய்தோம். கடந்த மார்ச் மாத இறுதியில் மத்திய ஒன்ராறியோவில் பெய்த உறைமழையில் மரங்கள் முறிந்து மின்கம்பிகள் அறுந்தபோது, பீற்றர்பரோவுக்கு வடக்கே உள்ள எங்கள் வீட்டில் ஆறு நாட்கள் மின்சாரம் இருக்கவில்லை. எங்கள் வெப்பமூட்டி புரொப்பேன் வாயுவில் எரிவதுதான் என்றாலும், சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறி மின்சாரத்தில் ஓடுவதால் அந்த ஆறு நாளும் அது பயன்படவில்லை. 82 வயதான அம்மா மூன்று போர்வைகளுக்குள் நடுங்கியபடி உறங்கிய இரவுகளை நான் மறக்கப்போவதில்லை.

வரவேற்பறையின் மூலையில், முன்பு குடியிருந்தவர்கள் அடுப்பு வைத்திருந்த இடத்தில், சிவப்பு ஓடு பதித்த மேடை ஒன்று இன்னும் இருக்கிறது. அதன் மேலேயே புதிய அடுப்பை வைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருக்கிறேன்.

20 செப்டெம்பர், சனி

காப்புறுதி முகவரிடம் பேசினேன். கட்டட அனுமதியும், பொருத்தி முடித்த பின், விறகடுப்புத் தொழில்நுட்பத்துக்கான வெட் (WETT) சான்றிதழ் பெற்ற ஒருவரின் பரிசோதனை அறிக்கையும் வேண்டும் என்றார். உள்ளூராட்சி அலுவலகத்தில் அனுமதிக்கு விண்ணப்பித்தபோது, சி.எஸ்.ஏ. பி365 என்ற கனேடியத் தரவிதியையும் அடுப்பின் கையேட்டையும் பின்பற்றவேண்டும் என்று சொன்னார்கள்.

27 செப்டெம்பர், சனி

பல ஆண்டுகள் அடுப்புப் பொருத்தும் தொழில் செய்து ஓய்வு பெற்ற அயலவர் ஒருவர் இன்று மேடையைப் பார்க்க வந்தார். ஓடுகளை அவர் பார்க்கவேயில்லை. நேரே நிலவறைக்குள் இறங்கி, மேடைக்கு நேர் கீழே உள்ள பலகையை மின்விளக்கால் பார்த்தார். பிறகு மேலே வந்து, இரண்டு ஓடுகளைக் கழற்ற அனுமதி கேட்டார்.

ஓட்டுக்கு அடியில் ஒட்டும் சாந்து, சாந்துக்கு அடியில் ஒட்டுப்பலகை. இடையில் வேறு எதுவும் இல்லை. பலகையின் நடுப்பகுதி, பழைய அடுப்பு நின்ற அளவுக்கே, காய்ந்த புகையிலையின் நிறத்தில் இருந்தது. அந்த இடத்தில் திருப்புளியை அழுத்தியபோது அது எதிர்ப்பே இல்லாமல் உள்ளே இறங்கியது. கறுத்த தூள் உதிர்ந்தது. வீட்டை வாங்கியபோது பரிசோதித்தவரின் அறிக்கையில் "ஓடு பதித்த அடுப்பு மேடை உண்டு" என்ற ஒரே வரிதான் இருந்தது. அந்த வரியை நம்பி, மார்ச் மாதத்தில் ஒரு பழைய அடுப்பைக் கொண்டுவந்து இதன் மேல் வைத்து எரிக்க நான் ஆயத்தமாக இருந்தேன் என்பதை நினைத்தபோது கை விறைத்தது.

28 செப்டெம்பர், ஞாயிறு

நேற்றுக் கண்டதை அம்மாவுக்கு விளக்கினேன். "நிலம் எரியுமோ, தம்பி?" என்று கேட்டார். இலங்கையின் சாவகச்சேரியில் அவர் சமைத்த குசினியில் அடுப்பும் மண், அடுப்பு இருந்த நிலமும் சாணம் மெழுகிய மண். தணல் சிதறினால் காலால் ஒதுக்கிவிடுவார்கள். இந்த நாட்டில் நிலமும் சுவரும் கூரையும் மரம் என்பதால், அடுப்பைப் பற்றி எங்களுக்கு இருக்கும் பழக்கமான அறிவு முழுவதையும் இங்கே அடியிலிருந்து மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அயலவர் சொன்ன விளக்கத்தை என் சொற்களில் எழுதிவைக்கிறேன். ஓடு தீப்பிடிக்காது, ஆனால் அது சூட்டைத் தடுப்பதும் இல்லை. மேலே விழும் தணலுக்கு அது காவல். ஆனால் அடுப்பின் அடிப்பாகத்திலிருந்து இறங்கும் வெப்பத்தை அப்படியே கீழே கடத்திவிடும். புதிய மரம் தீப்பிடிக்க ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் தேவை என்றாலும், அதைவிடக் குறைந்த வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் காய்ந்துகொண்டிருக்கும் மரம் மெல்ல மெல்லக் கரியாக மாறி, முன்பைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றக்கூடிய நிலைக்கு வந்துவிடுகிறது. பத்துக் குளிர்காலம் எதுவும் நடக்கவில்லை என்பது பதினோராவது குளிர்காலத்துக்கு உத்தரவாதம் ஆகாது. உண்மையில் ஒவ்வோர் ஆண்டும் ஆபத்து கூடிக்கொண்டே போகிறது.

5 ஒக்டோபர், ஞாயிறு

கருகிய பலகையைச் சதுரமாக வெட்டி அகற்றினோம். அதற்கடியில் இருந்த உத்தரங்களில் ஒன்றின் மேல்விளிம்பு மட்டும் நிறம் மாறியிருந்தது. சுரண்டிப் பார்த்தபோது உள்ளே உறுதியான மரம் இருந்தது. ஆனாலும் அதன் பக்கத்தில் புதிய உத்தரம் ஒன்றைச் சேர்த்துப் பூட்டி, மேலே புதிய ஒட்டுப்பலகை போட்டோம்.

அடுப்பையும் தேர்ந்தெடுத்துவிட்டோம். சில அடுப்புகளின் கையேட்டில் நிலத்துக்குத் தணல் காப்பு மட்டும் போதும் என்று இருக்கிறது. அவற்றின் அடிப்பாகம் அதிகம் சூடாவதில்லை என்று சோதனையில் உறுதி செய்திருக்கிறார்கள். வேறு சிலவற்றுக்கு வெப்பக் காப்பும் வேண்டும். எவ்வளவு என்பதை ஆர் மதிப்பு என்ற எண்ணால் குறிப்பிடுகிறார்கள். நாங்கள் வாங்குவது இரண்டாவது வகை. அதற்குக் குறைந்தது 1.0 வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பொருட்களின் ஆர் மதிப்புகளை நேரடியாகக் கூட்டிக்கொள்ளலாம். நான் தெரிந்தெடுத்த அரை அங்குலச் சீமெந்துப் பலகையின் விவரத்தாளில் 0.39 என்று இருக்கிறது. மூன்று அடுக்குகள் போட்டால் 1.17. அதே கடையில் அதே தடிப்பில் இருந்த இன்னொரு பலகைக்கு 0.2 மட்டுமே, பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும், அதில் மூன்று அடுக்கு போட்டாலும் 0.6 தான் வரும். ஓட்டின் மதிப்பு கணக்கில் சேர்க்கும் அளவுக்கு இல்லை. பலகை வாங்குபவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன் இந்த எண்ணைத் தேடிப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது மேடையின் பரப்பு. விறகு போடும் கதவு உள்ள பக்கத்தில் 450 மில்லிமீற்றரும், மற்ற மூன்று பக்கங்களிலும் 200 மில்லிமீற்றரும் அடுப்பைத் தாண்டி மேடை நீளவேண்டும். எங்கள் அடுப்பு 680 அகலம், 640 ஆழம். ஆகவே குறைந்த அளவு 1080க்கு 1290. நாங்கள் 1200க்கு 1400 என்று வைத்துக்கொண்டோம். பழைய மேடை கதவுக்கு முன்னால் எட்டு அங்குலம்தான் நீண்டிருந்தது. கதவைத் திறக்கும்போது உருண்டு விழும் தணல் அதைத் தாண்டி விழுந்ததற்கு அடையாளமாக, மரத்தரையில் காசளவு கரும்புள்ளிகள் ஏழு இருக்கின்றன.

18 ஒக்டோபர், சனி

மகனும் நானும் நாள் முழுவதும் மேடை கட்டினோம். ஓர் அடுக்கின் பொருத்துகள் அடுத்த அடுக்கின் பொருத்துகளுக்கு நேர்மேல் வராதபடி பலகைகளை மாற்றி மாற்றி வெட்டி அடுக்கினோம். இடுக்குகள் நேராக அமைந்தால் அந்தக் கோட்டில் சூடு கீழே இறங்க வழி கிடைத்துவிடும். அதற்குமேல் ஓடு பதித்தோம். ஓடுகளைப் பதிக்காமல் வெறுமனே அடுக்கி வைப்பவர்கள் உண்டு என்றும், இடைவெளியில் விழும் ஒரு பொறி பலகைவரை போய்விடும் என்றும் அயலவர் எச்சரித்திருந்ததால், ஒவ்வோர் இடுக்கையும் சாந்தால் நிரப்பி, விரலால் தடவிப் பார்த்தேன்.

எடையையும் கணக்கிட்டோம். மேடை ஏறத்தாழ 100 கிலோ, அடுப்பு 200 கிலோ. வீட்டுத் தளம் தாங்கவேண்டிய அளவுக்குள் இது வந்தாலும், எல்லைக்கு மிக அருகில் இருப்பதால், நிலவறையில் உத்தரங்களுக்குக் குறுக்கே ஒரு தாங்கியும் அதன்கீழ் இரும்புத் தூணும் வைத்தோம்.

1 நவம்பர், சனி

சான்றிதழ் பெற்றவர்கள் வந்து அடுப்பையும் புகைபோக்கியையும் பொருத்தினார்கள். கவனித்ததில் ஒன்றை மட்டும் எழுதுகிறேன்: குழாய்களின் சுருக்கிய முனை எப்போதும் கீழ்நோக்கி, அடுப்பின் பக்கம் இருக்கும்படி பொருத்தினார்கள். புகையிலிருந்து படியும் பிசின் வழிந்தால் குழாய்க்கு வெளியே கசியாமல் உள்ளேயே அடுப்புக்குத் திரும்புவதற்காக இந்த ஏற்பாடு. ஒவ்வொரு பொருத்துக்கும் மூன்று திருகாணிகள் போட்டார்கள்.

6 நவம்பர், வியாழன்

பரிசோதகர் வந்தார். அளவுநாடாவை மேடையில் நான்கு பக்கமும் வைத்துப் பார்த்தார். ஓட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். மூடிய பின் எவராலும் பார்க்க முடியாது என்பதால், ஒவ்வோர் அடுக்கையும் அளவுநாடாவோடு படம் எடுத்து, பலகையின் விவரத்தாளையும் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றைப் பார்த்தபின்தான் கையொப்பமிட்டார். புகை எச்சரிக்கைக் கருவியையும் காபன் மொனொக்சைட்டுக் கருவியையும் அழுத்திச் சோதித்துவிட்டுப் போனார்.

8 நவம்பர், சனி

இன்று முதல் முறையாகத் தீ மூட்டினோம். கையேட்டில் சொன்னபடி முதலில் சிறிய தீயாக இரண்டு முறை மூட்டி அணைய விட்டோம். புதிய வண்ணப்பூச்சு காயும் மணம் வந்ததால் யன்னல்களைத் திறந்து வைத்தோம். மாலையில் மூன்றாவது முறை, நன்கு உலர்ந்த மேப்பிள் விறகு வைத்து, முழு வேகத்தில் எரித்தோம்.

இரண்டு மணி நேரத்துக்குப் பின் வெப்பமானியால் அளந்தேன். அடுப்பின் மேற்பரப்பு 260 பாகை. கதவுக்கு முன்னால் உள்ள ஓடு 46 பாகை. பிறகு நிலவறைக்கு இறங்கி, மேடைக்கு நேர் கீழே, புதிய பலகையின் அடிப்புறத்தை அளந்தேன்: 27 பாகை. கையையும் வைத்துப் பார்த்தேன்; மற்ற இடங்களைவிடச் சிறிது வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

நான் மேலே வந்தபோது அம்மா கதிரையை அடுப்புக்கு எதிரே, மேடையின் விளிம்புக்கு வெளியே போட்டு உட்கார்ந்திருந்தார். போர்வை ஒன்றுகூட மேலே இல்லை. சாம்பலுக்கு மூடியுள்ள இரும்பு வாளி ஒன்று வாங்கியிருக்கிறோம். அதற்குள் தணல் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், மரத்தாலான முன்றிலில் வைக்காமல், வெளியே சீமெந்துத் தளத்தில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கிவிட்டேன்.