சொறி

அம்மம்மா யாழ்ப்பாணத்தில் காலமான செய்தி வந்த கிழமை, வேலைத்தலத்தில் ஒவ்வொருவராக வந்து "ஐ ஆம் சொறி" என்றார்கள். பக்கத்து மேசைப் பெண் சொன்னாள், பெயர்கூடத் தெரியாத காவலாளியும் சொன்னார். சொல்லிவிட்டுத் தங்கள் அலுவலைப் பார்க்கப் போனார்கள். நெஞ்சில் தைத்தது. மன்னிப்புக் கேட்க இவர்கள் என்ன பிழை விட்டார்கள்? எங்கட செத்தவீட்டில் ஒரு சொல் தேவையில்லை. படலை தாண்டும்போதே குரலெடுத்து அழுதுகொண்டு வந்து கட்டிப்பிடிப்பார்கள்.

ரொறன்ரோவில் அந்தச் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. பஸ்ஸில் மிதித்தவரும் சொறி, மிதிபட்டவரும் சொறி. காது கேட்காவிட்டால் சொறி, விலகி வழி விடச் சொல்வதற்கும் சொறி. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் இதற்கென்று 2009இல் ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். ஒருவர் மன்னிப்புக் கேட்டதை வைத்து அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று சிவில் வழக்கில் வாதாட முடியாது. சிகிச்சை பிழைத்த வைத்தியரும் வழக்குக்குப் பயப்படாமல் மனம்விட்டுச் சொல்லலாம். நல்ல சட்டம், எனக்குப் பிடித்திருக்கிறது.

பிறகு ஒருநாள் அகராதியைப் புரட்டினேன். 'சொறோ' என்ற துயரச் சொல்லின் பிள்ளைதான் இது என்று நினைத்திருந்தேன். இல்லையாம், அது வேறு வேர். பழைய ஆங்கிலத்தில் 'சார்' என்றால் நோவு, புண். அதிலிருந்து 'சாரிக்', நொந்துபோனவர். இன்றைக்குப் புண்ணுக்குச் சொல்லும் 'சோர்' இதன் கூடப்பிறந்தது. சேக்ஸ்பியரின் நாடகத்தில், கொலை செய்த தன் கைகளைப் பார்த்து மக்பெத் 'சொறி சைட்' என்பதும் மன்னிப்பு இல்லை, பார்க்கச் சகிக்காத கோலம் என்றுதான். பிழைக்கு வருந்துகிற பொருள் அந்த நோவிலிருந்து கிளைத்தது.

அப்படியென்றால் அந்தப் பெண் என்னிடம் சொன்னது, "எனக்கும் நோகுது" என்று. அழுகைக்குக் குரல் கொடுப்பதற்கும் அதற்கும் அவ்வளவு தூரமில்லை. அவள்மேல் இருந்த மனத்தாங்கல் அன்றோடு போய்விட்டது.

இப்போது என் வாயிலும் அந்தச் சொல் தானாக வருகிறது. இந்த ஊர் பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சொல்லும்போதெல்லாம் அம்மம்மாதான் குறுக்கே வருகிறா. போனில் நான் "சொறி அம்மம்மா" என்றால், "ஆருக்கடா சொறி? வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசு" என்பா. ஒலி ஒற்றுமை தற்செயல்தான். ஆனாலும் அந்தச் சொல்லுக்குள் உண்மையிலேயே ஒரு புண் இருக்கிறது என்று தெரிந்தால் அவ விடமாட்டா. "நான் அப்பவே சொன்னனான்" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிவா.