துப்பாக்கியோடு போக வேண்டிய காகிதங்கள்

பண வண்டியைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினால், துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி "லைசென்ஸ் எங்கே?" என்பதுதான். இப்படிக் கேட்கும் அதிகாரத்தை 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு காவல் அதிகாரிக்குத் தருகிறது. உரிமத்தைக் காட்ட முடியாவிட்டால் அவர் பெயர், முகவரி கேட்கலாம். தேவைப்பட்டால் துப்பாக்கியைக் கைப்பற்றலாம். ஆயுதம் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். மாதச் சம்பளத்துக்கு நிற்கும் அந்தக் காவலருக்காக அலுவலகத்தில் இருக்கும் யாரும் அந்த நேரத்தில் ரோட்டில் வந்து நிற்கப் போவதில்லை. ஆகவே அவர் கையில் என்னென்ன காகிதம் இருக்க வேண்டும் என்று பார்த்துச் சேர்த்துக் கொடுப்பது, அவரை வேலைக்கு அனுப்புகிறவர்களின் பொறுப்பு.

உரிமம் இருந்தால் போதும் என்ற எண்ணம் இந்தத் தொழிலில் பரவலாக இருக்கிறது. அந்தத் துப்பாக்கியை வைத்திருக்க ஒருவருக்கு அனுமதி உண்டு என்பதை மட்டுமே உரிமம் சொல்லும். அந்த ஒருவர் இவர்தானா, இது அதே துப்பாக்கிதானா, இன்று இந்த ஊரில் இதோடு இவருக்கு என்ன வேலை என்ற கேள்விகளுக்குப் பக்கத்தில் இருக்கும் மற்றக் காகிதங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆயுதக் காவலர்களில் இரண்டு வகை உண்டு. சொந்தப் பெயரில் உரிமமும் சொந்தத் துப்பாக்கியும் வைத்திருப்பவர்கள் ஒரு வகை. பெரும்பாலும் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். இன்னொரு வகையில் உரிமம் வங்கி அல்லது நிறுவனத்தின் பெயரில் இருக்கும். துப்பாக்கியைத் தாங்கி நிற்கும் காவலரின் பெயர் உரிமத்திலேயே ரீடெய்னர் என்று பதிவாகியிருக்கும். முதல் வகையில் உரிமம் எந்த நோக்கத்துக்காகத் தரப்பட்டது என்ற வரியைப் படிக்க வேண்டும். தற்காப்பு என்று மட்டும் எழுதியிருக்கும் உரிமத்தை வைத்துச் சம்பளத்துக்குக் காவல் பார்ப்பது கேள்விக்கு இடம் கொடுக்கும். ஆளை வேலைக்கு எடுக்கும்போதே, உரிமம் தந்த அதிகாரிக்கு எழுதிப் பதில் வாங்கி, அந்தப் பதிலின் நகலை உரிமத்தோடு வைத்துவிடுவது நல்லது. உரிமம் தரும் அதிகாரி என்றால் தமிழ்நாட்டில் மாவட்டங்களில் ஆட்சியர், மாநகரக் காவல் எல்லைக்குள் காவல் ஆணையர்.

இரண்டாவது வகையில்தான் தவறுகள் அதிகம் நடக்கின்றன. உள்துறை அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட மாதிரி விதிகள் ஒரு பண வண்டிக்கு ஓட்டுநர் போக இரண்டு ஆயுதக் காவலர், இரண்டு ஏ.டி.எம். அலுவலர் என்று வகுத்திருக்கின்றன. காலையில் ஒரு காவலர் காய்ச்சல் என்று லீவு சொல்கிறார். வண்டி கிளம்பியாக வேண்டும். துப்பாக்கி லாக்கரில் இருக்கிறது, ஷெட்டில் இன்னொரு காவலர் சும்மா இருக்கிறார். அவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள். உரிமத்தில் அவர் பெயர் இல்லை. அந்த நிமிடத்தில் இருந்து அவர் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பவர். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்ச தண்டனை இரண்டு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம். உரியவர்தானா என்று பார்க்காமல் ஆயுதத்தைக் கொடுத்தவரையும் 29-ஆவது பிரிவு விடாது. இதற்கு வழி ஒன்றே: மாற்று ஆட்களின் பெயர்களையும் முன்கூட்டியே உரிமத்தில் சேர்க்க மனுச் செய்துவிட வேண்டும். பெயர் ஏறும் வரை அந்தத் துப்பாக்கி லாக்கரை விட்டு வெளியே வரக் கூடாது. அதனால் ஒரு ட்ரிப் ரத்தானாலும் பரவாயில்லை.

அடுத்தது துப்பாக்கியின் எண். காகிதத்தில் உள்ள எண்ணையும் இரும்பில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. இரட்டைக் குழல் 12 போர் (குழலின் உள்ளளவைக் குறிப்பது) துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். முதலில் நெம்புகோலைத் தள்ளி மடக்கி, இரண்டு குழலும் காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். பிறகு முன்கட்டையைக் கழற்றிக் குழலைத் தனியே எடுத்தால், குழலின் அடிப்பக்கத் தட்டையான பகுதியில் எண் வெட்டியிருக்கும். குழல் வந்து உட்காரும் இரும்புப் பகுதியிலும் வழக்கமாக அதே எண் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பழுதுபார்க்கும் இடத்தில் குழல் மாறி வந்திருந்தால் இங்கேதான் தெரியும். துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து 3-ஐ 8 போலக் காட்டும். 1-ஐ அப்படியே விழுங்கிவிடும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால், வண்டியின் சேஸிஸ் நம்பருக்கு எடுப்பது போல அச்சு கிடைக்கும். அந்தத் தாளில் தேதி போட்டுக் கோப்பில் வைக்கலாம். எண்ணோடு ஒட்டி வரும் எழுத்துகளையும் விடக் கூடாது. உரிமத்தில் எழுதிய எழுத்தர் அந்த எழுத்துகளை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதியிருப்பது சகஜம். ஒரு எழுத்து விடுபட்டிருந்தாலும் மனுக் கொடுத்துத் திருத்தி வாங்குவதுதான் சரி. பேனாவால் நாமே சேர்த்துவிட்டால் அது ஆவணத்தைத் திருத்திய குற்றமாகிவிடும்.

உரிமத்தின் முதல் பக்கத்தில் மூன்று இடங்களைப் பார்த்தாக வேண்டும். முதலாவது யு.ஐ.என். எனப்படும் தனி அடையாள எண். தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் ஏறாத, இந்த எண் இல்லாத பழைய புத்தக உரிமம் இன்று செல்லாது. இரண்டாவது முடியும் தேதி. 2019-க்கு முன்பு உரிமத்தின் காலம் மூன்று வருடம், இப்போது ஐந்து. மூன்றாவது, செல்லுபடியாகும் எல்லை. இதை யாரும் சட்டென்று கவனிப்பதில்லை.

எல்லை தமிழ்நாடு முழுவதும் என்று இருந்தால் தமிழ்நாட்டுக்குள் எங்கும் போகலாம் என்று நினைத்துப் பாதையைப் போட்டுவிடுவார்கள். சென்னையில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலூர் போகிற வண்டி புதுச்சேரிக்குள் புகுந்துதான் வெளியே வரும். தரங்கம்பாடியில் இருந்து நாகப்பட்டினம் போகிற வண்டி காரைக்காலைக் கடக்கும். இரண்டும் தமிழ்நாட்டுக்கு வெளியே, புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தவை. பணம் நிரப்புகிற இடம் தமிழ்நாட்டில் இருந்தாலும், நடுவில் உள்ள அந்தச் சில கிலோமீட்டரில் அந்த உரிமம் எடுபடாது. அகில இந்திய எல்லை கொண்ட உரிமம் உள்ள காவலரை அந்த வழிக்கு ஒதுக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றி வர வேண்டும். டீசல் செலவைப் பார்த்து இதில் சமரசம் செய்யக் கூடாது.

வட மாநில உரிமத்தோடு இங்கே வேலைக்கு வருகிறவர்கள் பலர். துப்பாக்கியையும் கொண்டுவந்து 30 நாளுக்கு மேல் தங்குகிறவர், அந்த 30 நாளுக்குள் உரிமம் தந்த அதிகாரிக்கும் புதிய ஊரின் அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததற்கான ஒப்புகை கையில் இருக்க வேண்டும். அந்த உரிமங்கள் இந்தியில் கையெழுத்தில் நிரப்பியவையாக இருக்கும்; இரவு ரோந்தில் இருக்கும் போலீஸ்காரருக்கு அதைப் படிக்க வராது. பெயர், யு.ஐ.என்., துப்பாக்கி வகை, எண், எல்லை, முடியும் தேதி ஆகியவற்றைத் தமிழில் தட்டச்சு செய்து ஒரு பக்கச் சுருக்கமாக அசலின் மேல் வைத்துக் கொடுத்தால், அரை மணி நேர வாக்குவாதம் மிச்சம். சுருக்கம் படிக்க வசதிக்காக மட்டும்தான். அசல் இல்லாமல் அதற்கு மதிப்பில்லை.

தோட்டாவுக்குக் கணக்கு தனி. ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், ஒரு வருடத்தில் எத்தனை வாங்கலாம் என்று உரிமத்திலேயே இருக்கும். வாங்கும்போது கடைக்காரர் உரிமத்தில் பதிவு போடுவார். அந்த பில்லின் நகலும் கோப்பில் இருக்க வேண்டும். காலையில் காவலருக்குக் கொடுத்த எண்ணிக்கையும் இரவில் திரும்பி வந்த எண்ணிக்கையும் ஒப்படைப்புப் பதிவேட்டில் இரண்டு கையெழுத்தோடு ஏற வேண்டும். பட்டையில் இருந்து ஒரு தோட்டா நழுவி விழுந்து காணாமல் போனாலும் அருகில் உள்ள காவல் நிலையத்தில் உடனே சொல்ல வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டால் உரிம நிபந்தனையை மீறியதாகும். அதற்கு 30-ஆவது பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இத்தனையும் சேர்ந்து காவலரின் பையில் போக வேண்டியவை: உரிமத்தின் அசல், புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை, வேலையில் அமர்த்திய கடிதத்தின் நகல், அன்றைய தேதி, வண்டி எண், பாதை, துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை போட்ட பணிச் சீட்டு. பணிச் சீட்டை அன்றன்றைக்கு எழுத வேண்டும்; மாதம் முழுதுக்கும் ஒரே சீட்டு கொடுத்தால் அதை யாரும் நம்ப மாட்டார்கள். அசலை அலுவலகப் பீரோவில் வைத்துவிட்டு ஜெராக்ஸ் கொடுத்து அனுப்புவது பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். காவலரை அது நிராயுதபாணியாகத்தான் நிறுத்தும்.

பையை வண்டியின் டேஷ்போர்டில் வைக்கக் கூடாது. ஏ.டி.எம். வாசலில் துப்பாக்கியோடு இறங்கி நிற்கிறவரின் உடம்போடு அது இருக்க வேண்டும். சட்டைப் பையில் வைத்தால் வியர்வையில் முத்திரை கலைந்துவிடும்; ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்புப் பையில் வைப்பது சரி. லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். புதுப்பித்தலுக்கும் தோட்டாப் பதிவுக்கும் அந்தத் தாளில்தான் முத்திரை குத்த வேண்டும். லேமினேஷனைப் பிரிக்கப் போனால் உரிமமே கிழிந்துவிடும்.

வண்டியை நிறுத்தும்போது காவலர் முதலில் வாயால் சொல்ல வேண்டும்: "சார், என்கிட்ட துப்பாக்கி இருக்கு, லைசென்ஸ் இடுப்புப் பையில இருக்கு, எடுக்கிறேன்." சொல்லிவிட்டுத்தான் கை பைக்குப் போக வேண்டும். துப்பாக்கியைக் கேட்டால், குழலைத் தரையைப் பார்த்துத் திருப்பி, மடக்கி, தோட்டாவை எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். கைப்பற்றினால் எதிர்த்துப் பேசாமல், துப்பாக்கி எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் எழுதிய ரசீது கேட்டு வாங்க வேண்டும்.

புதுப்பிக்க மனு, காலம் முடிவதற்கு 60 நாள் முன்பாவது போக வேண்டும். தேதி தாண்டிவிட்டால், மனுப் போட்ட ஒப்புகை கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் துப்பாக்கியை வெளியே எடுக்கக் கூடாது. 21-ஆவது பிரிவின்படி அதைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு.

பழுது பார்க்க எடுத்துப் போவதற்கு 3-ஆவது பிரிவே ஒரு வழி தருகிறது. உரிமதாரர் கூடவே வர வேண்டும், அல்லது எழுத்தில் அதிகாரம் கொடுக்க வேண்டும். உரிமதாரர் பெயர், உரிம எண், துப்பாக்கி எண், கொண்டுபோகிறவர் பெயர், எங்கிருந்து எந்தக் கடைக்கு, எந்தத் தேதி என்பதெல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். பழுதுக்குப் போகும் துப்பாக்கியோடு ஒரு தோட்டாகூடப் போகக் கூடாது.

கல்லூரி வளாகத்துக்குள் இருக்கும் ஏ.டி.எம்.கள் தனிச் சிக்கல். தனியாக அனுமதி இல்லாமல் திருவிழா, சமய ஊர்வலம், பொதுக் கூட்டம், கல்வி நிறுவன வளாகம் ஆகியவற்றுக்குள் ஆயுதத்தைக் கொண்டுபோகக் கூடாது என்பது உரிமத்தின் நிபந்தனை. பொறியியல் கல்லூரிகளுக்குள் தினமும் பண வண்டிகள் போய் வருகின்றன. அந்த நிபந்தனையைப் படித்த ஒரு அதிகாரி கேட்டால், தனி அனுமதி இல்லாத காவலர் வாயடைத்து நிற்பார். அந்த ஏ.டி.எம்.களின் பட்டியலோடு உரிமம் தந்த அதிகாரியிடம் முன்கூட்டியே அனுமதி கேட்பதுதான் வழி.

தேர்தல் அறிவிப்பு வந்தால், மாவட்டத்தில் உரிமங்களைப் பரிசீலிக்கும் குழு ஒப்படைக்கச் சொல்லும் துப்பாக்கிகள், முடிவு வெளியாகி ஒரு வாரம் வரை காவல் நிலையத்தில் இருக்கும். வங்கிக் காவல் பணிக்கு விலக்குப் பெறலாம். விலக்கு ஆணையின் நகல் பையில் இருக்க வேண்டும். அந்த நாட்களில் பறக்கும் படை பணத்தையும் சேர்த்தே பார்ப்பதால், எவ்வளவு பணம், எந்த வங்கியுடையது, எங்கே போகிறது என்ற வங்கியின் கடிதமும் வண்டியில் இருந்தாக வேண்டும். பணத்துக்குக் கடிதம் இல்லாவிட்டால், துப்பாக்கியின் காகிதம் சரியாக இருந்தாலும் வண்டி நகராது.

காவலர் வேலையை விட்டுப் போகும் நாளில் ஒப்படைப்புப் பதிவேட்டில் கடைசிக் கையெழுத்து வாங்கி, அடையாள அட்டையையும் பணிச் சீட்டுகளையும் திரும்பப் பெற வேண்டும். நிறுவன உரிமத்தில் இருந்து அவர் பெயரை நீக்கும் மனுவை அன்றே கொடுத்து, ஒப்புகையின் ஒரு நகலை அவர் கையிலும் கொடுத்து அனுப்ப வேண்டும்.