கதவு நிலையில பென்சில் கோடு

9 ஜூன் 2024, ஞாயிறு

நாளைக்கு ஸ்கூல் திறக்குது, பாப்பா மூணாங்கிளாஸ். எண்ணெ தேச்சு குளிப்பாட்டும்போது நெஞ்சுல கை பட்டதும் "வலிக்குதும்மா"ன்னு நெளிஞ்சா. இடது பக்கம் மட்டும் நெல்லிக்காக் கொட்டை அளவுக்கு கெட்டியா ஏதோ இருக்கு. சீயக்காய கையில வெச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன். ஏழே முக்கால் வயசுதான் ஆகுது அவளுக்கு.

தலை துவட்டி கதவு நிலைகிட்ட நிக்க வெச்சு கோடு போட்டேன். போன அக்டோபர் பொறந்தநாளுக்கு 124 சென்டி, இன்னைக்கு 130. எட்டு மாசத்துல ஆறு சென்டி. மே மாசம் வாங்குன ஸ்கூல் ஷூ இப்பவே கடிக்குதுங்கறா. இத்தனை நாளா எல்லாரும் "என்னம்மா இப்படி கிடுகிடுன்னு வளர்றா"ன்னு சொல்லும்போது பெருமையா சிரிச்சுட்டு இருந்தது நான்தான்.

14 ஜூன், வெள்ளி

டாக்டரம்மாவ பார்த்தோம். முதல்ல உயரத்த மூணு தடவ அளந்தாங்க, அப்புறம் வளர்ச்சி சார்ட்ல புள்ளி வெச்சாங்க. இந்த வயசுல வருஷத்துக்கு அஞ்சு ஆறு சென்டிதான் வளரணுமாம், இவ ஒன்பது சென்டி வேகத்துல போறா. பொண்ணுங்களுக்கு எட்டு வயசுக்கு முன்னாடி மார்பு வளர ஆரம்பிச்சா அத பார்த்தே ஆகணும், சிலருக்கு அது மட்டும் வந்து அப்படியே நின்னுடும், பயமில்ல, ஆனா கூடவே உயரமும் ஓடுதுன்னா பருவமே முந்தி வருதுன்னு அர்த்தமா இருக்கலாம், விடக்கூடாதுன்னாங்க. போன டிசம்பர்ல வேற ஒரு கிளினிக்ல காட்டும்போது அளக்கக்கூட இல்ல, "நல்ல வளர்த்தி, சந்தோஷப்படுங்க"ன்னு அனுப்பிட்டாங்க. அந்த ஆறு மாசத்த நெனச்சா வயிறு எரியுது.

"நீங்க எப்ப வயசுக்கு வந்தீங்க?"ன்னு என்னை கேட்டாங்க. பத்தரை வயசு, அஞ்சாங்கிளாஸ். நாலாங்கிளாஸ் போட்டோல நான் கடைசி வரிசையில பசங்களுக்கு மேல தலை தெரிய நிப்பேன். ஒன்பதாங்கிளாஸ் போட்டோல முன் வரிசையில பெஞ்சுல உக்கார வெச்சிருப்பாங்க, குள்ளமா இருக்கறவங்களோட. 148-ல நின்னவதான். எங்க வீட்ல யாருக்கும் அது ஏன்னு தெரியல, "உன் ஆத்தா வழி அப்படி"ன்னு சொல்லிட்டாங்க, நானும் அப்படியே நம்பிட்டேன்.

22 ஜூன், சனி

தில்லைநகர்ல எக்ஸ்ரே. இடது கைய விரிச்சு வெச்சு ஒரே ஒரு படம், ஒரு நிமிஷம்கூட ஆகல. டாக்டரம்மா அத வெளிச்சத்துல பிடிச்சு காட்டுனாங்க. ஒவ்வொரு விரல் எலும்பு முனையிலயும் ஒரு கருப்பு கோடு, எலும்புக்கும் அதோட தொப்பிக்கும் நடுவுல சின்ன சந்து. அது வெறும் சந்து இல்ல, குருத்தெலும்பு. அதுல செல்லு பெருகிப் பெருகித்தான் எலும்பு நீளுது. கை, கால் எல்லாத்துலயும் அப்படித்தான். அந்த கோடு மூடிடுச்சுன்னா அவ்ளோதான், அதுக்கப்புறம் என்ன குடிச்சாலும் எத்தன ஸ்கிப்பிங் போட்டாலும் ஒரு சென்டி ஏறாது.

க்ரூலிக், பைல்னு ரெண்டு பேர் போட்ட ஒரு பெரிய எக்ஸ்ரே புத்தகம் இருக்கு, அமெரிக்காவுல க்ளீவ்லாண்ட் பக்கம் 1930கள்ல வளர்ந்த பிள்ளைங்க கை படங்கள், வயசு வாரியா. இவ படம் எந்த பக்கத்தோட ஒத்துப்போகுதோ அதுதான் எலும்பு வயசு. பாப்பாவோடது பத்தரை வயசு பக்கத்துல போய் நின்னுச்சு. ஏழே முக்கால் வயசு பிள்ளைக்கு பத்தரை வயசு எலும்பு. அந்த எலும்பு வயசுல ஒரு பொண்ணு தன் கடைசி உயரத்துல 88.4 சதவீதம் வளர்ந்து முடிச்சிருப்பாளாம், அப்போ கணக்கு போட்டா 147 சென்டி. நானும் அவ அப்பாவும் இருக்கற உயரத்துக்கு (148, 170, கூட்டி 13 கழிச்சு பாதி) 152 பக்கத்துல வரணும் அவ. என்னை விட ஒரு சென்டி கம்மியா நிக்கப் போறான்னு அந்த பேப்பர்ல பார்த்ததும் எனக்கு பேச்சே வரல.

ராத்திரி அவர்கிட்ட சொன்னேன். "இப்ப கிளாஸ்லயே இவதானடி உயரம், அப்புறம் எப்படி குள்ளமாவா?"ன்னு கேட்டார். எனக்கும் அதே கேள்விதான் இருந்துச்சு. ஈஸ்ட்ரோஜன்ங்கற பருவ ஹார்மோன் முதல்ல வளர்ச்சிய வேகமா ஓட விடும், கூடவே அந்த கருப்பு கோட்டையும் சீக்கிரமா மூடிடும். மத்த பிள்ளைங்க பதினாலு பதினஞ்சு வயசு வரைக்கும் மெதுவா நடந்து போற தூரத்த இவ இப்பவே ஓடி, பாதியிலயே நின்னுடுவா. டாக்டரம்மா ஒரு விஷயம் சொன்னாங்க, 1994-ல வெளிவந்த ஒரு கேஸ், 28 வயசு ஆளு, உடம்புல ஈஸ்ட்ரோஜன் வேலையே செய்யாது, 204 சென்டி, அந்த வயசுலயும் கோடு மூடாம வளர்ந்துட்டே இருந்தார். ஆம்பளைக்கும் கோட்ட மூடறது அந்த ஹார்மோன்தான்னு அப்பதான் நல்லா தெரிய வந்துச்சாம்.

3 ஜூலை, புதன்

ஒரு ஊசி போட்டுட்டு விட்டு விட்டு ரத்தம் எடுத்தாங்க. மூணாவது தடவைக்கு நர்சம்மா வரும்போதே என் தோள்ல முகத்த பொதச்சுக்கிட்டா. ரிசல்ட்ல பருவத்த தூண்டற எல்ஹெச் ஹார்மோன் நல்லா ஏறிடுச்சு, அதாவது மூளையிலருந்தே ஸ்விட்ச் போட்டாச்சு. தலைக்கு எம்ஆர்ஐ எடுத்தாங்க, ஒன்னும் இல்ல, சாமி புண்ணியம். பெரும்பாலான பொண்ணுங்களுக்கு காரணம்னு ஒன்னு கிடைக்கவே கிடைக்காதாம்.

அத்தை "எல்லாம் அந்த பிராய்லர் கோழிதான்"ங்கறாங்க. கேட்டுட்டேன். கோழிக்கு ஹார்மோன் ஊசி போடறதில்ல, அது வளர்றது ரகத்தாலயும் தீவனத்தாலயும். ஆனா பிள்ளைக்கு எடை கூடுனா பருவம் முந்தி வர்றது உண்மை. சில வீட்ல பரம்பரையாவும் வரும். என் ரத்தம்னு நெனச்சப்போ என்னமோ பண்ணிச்சு.

20 ஜூலை, சனி

பருவத்த நிறுத்தி வைக்கற முதல் ஊசி. மூணு மாசத்துக்கு ஒன்னு. பணத்துக்கு என் ஒரு வளையல் போச்சு, போகட்டும். ஹார்மோனையே ஊசியா குடுத்து ஹார்மோனை எப்படி நிறுத்தறதுன்னு கேட்டேன். மூளையிலருந்து வர்ற சிக்னல் மணிக்கு ஒரு தடவ, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவன்னு விட்டு விட்டு தட்டணும், அப்பத்தான் மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பி கதவ திறக்கும், இந்த ஊசி மாதிரி விடாம தட்டிக்கிட்டே இருந்தா அது காத பொத்திக்கும்னாங்க. அந்த சிக்னல கண்டுபிடிச்ச கில்லமினுக்கும் ஷாலிக்கும் 1977-ல நோபல் குடுத்திருக்காங்க. ஆறு வயசுக்குள்ள ஆரம்பிச்சா உயரம் நல்லா கிடைக்கும், ஏழே முக்கால்ல ஓரளவுதான், எட்டு தாண்டுனா ரொம்ப கம்மின்னு மறைக்காம சொல்லிட்டாங்க.

1 ஆகஸ்ட், வியாழன்

காலையில பாத்ரூம்லருந்து "அம்மா, எனக்கு எங்கயோ அடிபட்டுருச்சு"ன்னு கூப்புட்டா. ஜட்டியில நாணயம் அளவுக்கு ரத்தம். முதல் ஊசிக்கப்புறம் ஒரு தடவ இப்படி பட்டா பதறாதீங்கன்னு முன்னாடியே சொல்லி அனுப்பியிருந்தாங்க, இருந்தும் கை நடுங்குச்சு. அடி இல்ல கண்ணு, ஊசி வேலை செய்யுது, ரெண்டு நாள்ல நின்னுடும்னு சொன்னேன்.

அத்தைக்கு தெரிஞ்சுடுச்சு. "மாமனுக்கு சொல்லி அனுப்பணும், தண்ணி ஊத்தணும்"னு ஆரம்பிச்சாங்க. கல்யாணமாகி வந்ததுலருந்து அவங்கள எதுத்து பேசுனதே இல்ல நான். இன்னைக்கு, "அத்தை, பத்தரை வயசுல எனக்கு பந்தல் போட்டு மைக் செட் கட்டி ஊரையே கூப்டாங்க, மறுநாள்லருந்து நான் தெருவுல பாண்டி ஆடல. இவ ஆடணும்"னேன். கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல. சாயங்காலம் அவங்களே அவளுக்கு உளுந்தங்களி கிண்டி குடுத்தாங்க, ஏன்னு அவளும் கேக்கல நாங்களும் சொல்லல.

4 ஜனவரி 2025, சனி

மூணாவது ஊசி. ஊசி ஆரம்பிச்ச அஞ்சரை மாசத்துல ரெண்டரை சென்டிதான். நிலையில கோடெல்லாம் நெருங்கி நெருங்கி வருது. கிளாஸ்ல இன்னொரு பொண்ணு இவள எட்டிப் பிடிச்சுட்டாளாம், அழுதா. "ஊசி போட்டா உயரமாவேன்னு சொன்ன"ன்னு என் மேல கோவம். மெதுவா வளர்ந்தாதான் ரொம்ப நாள் வளரலாம்னு எட்டு வயசு பிள்ளைக்கு எப்படி புரிய வைக்கறது, எனக்கே அந்த கோட்ட பார்த்தா மனசு கேக்க மாட்டேங்குது.

19 ஜூலை, சனி

ஒரு வருஷம் கழிச்சு மறுபடி கை எக்ஸ்ரே. ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பார்த்தோம். கட்டை விரல் அடியில மிளகு மாதிரி ஒரு புது எலும்பு எட்டிப் பார்க்குது. அது பொண்ணுங்களுக்கு பதினோரு வயசு எலும்புல வர்றதாம். அப்போ இந்த ஒரு வருஷத்துல எலும்புக்கு வயசு கூடுனது ஆறு மாசம்தான்! விரல் கோடெல்லாம் இன்னும் கருப்பா தெளிவா தெரியுது. உயரம் 135.5. புது கணக்கு 149, 150 பக்கம். 152 வருமான்னு கேட்டேன், பார்க்கலாம்னாங்க. அவளுக்கு நிஜமாவே பதினோரு வயசு ஆகறப்போ ஊசிய நிறுத்துவாங்களாம், அதுக்கப்புறம் ஒரு வருஷம் ஒன்றரை வருஷத்துல தானா வயசுக்கு வருவா, கூட படிக்கறவங்களோட சேர்ந்து.

13 செப்டம்பர், சனி

ஆறாவது ஊசி. இந்த தடவ அழல, நர்சம்மாகிட்ட "இந்த பக்கம் போடுங்க ஆன்ட்டி, அந்த பக்கம் போன தடவ"ன்னு அவளே திரும்பிக்கிட்டா. வீட்டுக்கு வந்ததும் என்னை நிலைகிட்ட நிக்க சொன்னா. ஸ்டூல் போட்டு ஏறி, என் தலை மேல ஸ்கேல அமுக்கி, பென்சில்ல கோடு போட்டு பக்கத்துல "அம்மா 148"னு எழுதிட்டு, அதுக்கு ஒரு ஜாண் மேல இன்னொரு கோடு போட்டு தன் பேர எழுதி வெச்சிருக்கா.